எந்த வசதியை முதலில் செய்வது? திருமலைச் சங்கங்களின் திறந்த மூல மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கேள்விக்கு வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு தரம் பதில் எழுதிக் கை வலித்ததால்தான் இந்தப் பக்கம். புதிதாக வருபவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையின் திருகோணமலை (திருமலை) நகரிலும் உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் உள்ள சில மரண உதவிச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் ஒரு கடற்றொழிலாளர் சங்கமும் உறுப்பினர் பதிவு, மாதச் சந்தா, அறிவித்தல் ஆகியவற்றுக்கு ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதை எழுதிப் பராமரிப்பது நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள், இதற்குக் கிடைப்பது இரவும் ஞாயிறும்தான். திறந்த மூலம் என்பதால் யாரும் காசில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம், நிரலைத் திறந்து மாற்றலாம். அதில் ஒரு சண்டையும் இல்லை. யார் கேட்டதை முதலில் செய்வது என்பதில்தான் சண்டை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வசதி கேட்டேன், இன்னும் வரவில்லை. மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. கேட்ட ஒவ்வொன்றும் ஒரு பட்டியலில் இருக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம். ஆனால் கேட்ட வரிசையில் நாங்கள் செய்வதில்லை. சங்கக்கடைக் கியூ மாதிரி முதலில் வந்தவருக்கு முதலில் என்று வைத்தால் பார்க்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் அப்போது பட்டனின் நிறத்தை மாற்றச் சொன்னவர் முன்னால் நிற்பார், சந்தாக் கணக்கு பிழைக்கிறது என்று சொன்னவர் அவருக்குப் பின்னால் நிற்பார்.

பிறகு எந்த அடிப்படையில் வரிசை போடுகிறீர்கள்?

கொப்பியைப் பார்த்து. பகிடி இல்லை. போனிலோ கணினியிலோ எங்கள் மென்பொருளைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர், பக்கத்தில் ஒரு கொப்பியோ கலண்டர் தாளின் பின்பக்கமோ வைத்து எதையாவது எழுதுகிறார் என்றால், அந்த இடத்தில் மென்பொருள் அவரைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அவர் அதை முறைப்பாடாக ஒருநாளும் சொல்லமாட்டார், ஏனென்றால் அவருக்கு அது குறையாகவே தெரியாது, வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே பட்டியலில் ஒரு கோரிக்கை ஏறினால், இதே சிக்கலுக்காக யாராவது எங்காவது கையால் எழுதிச் சமாளிக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுகிறோம். எழுதுகிறார்கள் என்றால், எத்தனை நாளுக்கு ஒருதரம், எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அந்தக் கொப்பி தொலைந்துபோனால் யாருக்கு என்ன ஆகும். இவ்வளவும் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதி, செய்ய எத்தனை நாள் எடுக்கும் என்பது. அதை எங்களில் ஒருவராலும் இன்றுவரை சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. இரண்டு நாள் என்று நாங்கள் சொன்னால் இரண்டு கிழமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வசதி ஒன்று கேட்டால், "கடைசியாக இது எப்போது தேவைப்பட்டது, என்ன செய்தீர்கள்" என்று விசாரணை மாதிரித் திருப்பிக் கேட்கிறீர்களே?

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. உப்புவெளிப் பக்கம் ஒரு மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர் அக்கா, "தம்பி, பேர்ப் பட்டியலை பிரிண்ட் எடுக்க ஒரு பட்டன் போட்டுத் தாங்கோ" என்றார். இன்னொரு சங்கமும் அதையே கேட்டது. சின்ன வேலை என்று தொடங்கினோம். பிடிஎப் வந்தது, ஆனால் தமிழ் வரவில்லை: கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, புள்ளி தனியாக மிதந்தது. பிடிஎப் ஆக்கும் நிரல்கள் பலவற்றுக்கு எழுத்துருவைக் கொடுத்தால் மட்டும் போதாது, எந்தக் கொம்பு எந்த எழுத்துக்கு முன்னால் வரவேண்டும் என்று வடிவமைக்கும் வேலையும் தெரிந்திருக்கவேண்டும். அதோடு மல்லுக்கட்டி ஒன்றரை மாதம் போனது. ஒருவழியாகக் கொடுத்தோம். அக்கா சந்தோஷமாக பிரிண்ட் எடுத்தார். எடுத்து, அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துத் தன் கொப்பியில் மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவருடன் சந்தா சேர்க்க நானும் போனேன். அப்போதுதான் விளங்கியது. கொப்பியில் பெயர்கள் அகரவரிசையில் இல்லை. கோயிலடியில் தொடங்கி, ஒழுங்கையின் இடது கைப் பக்கமாக உள்ளே போய், கடைசி வீட்டுக் கிணற்றடியில் திரும்பி, வலது பக்கமாக வெளியே வருகிறது பட்டியல். ஒரு பெயருக்குப் பக்கத்தில் "நாய்" என்று எழுதி இரண்டு கோடு. இன்னொன்றுக்குப் பக்கத்தில் "7 மணிக்குப் பிறகு". வேறொன்றில் "மகளிடம் கேட்க". எங்கள் மென்பொருளோ அகரவரிசையில் கொடுத்தது, அதுவும் முன்னால் போடும் முதலெழுத்தை வைத்து, ஆகவே அப்பாவின் பெயர் ஒரே எழுத்தில் தொடங்கும் ஆக்கள் எல்லோரும் ஊரின் நாலு மூலையிலிருந்தும் வந்து ஒன்றாக நின்றார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால் ஒழுங்கையில் பத்துத் தரம் மேலும் கீழும் நடக்கவேண்டும், அதுவும் வெயிலில்.

அக்காவுக்குத் தேவைப்பட்டது நடக்கும் வரிசை. பெயரை இழுத்து மேலே கீழே வைக்க விட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத இடம் கொடுத்தால் முடிந்தது. அது இரண்டு இரவு வேலை. அவரில் ஒரு பிழையும் இல்லை, தனக்குத் தெரிந்த தீர்வை அவர் கேட்டார், சிக்கல் என்ன என்று நாங்கள்தான் கேட்கவில்லை. அதனால் இப்போது கேட்கிறோம். "இப்படி ஒன்று செய்து தந்தால் பயன்படுத்துவீர்களா" என்று மட்டும் கேட்பதே இல்லை. அதற்கு நம் ஊரில் "ஓமோம்" தவிர வேறு பதில் கிடைத்ததில்லை, வீடு தேடி வந்த பெடியனின் மனம் நோகக்கூடாது என்று சொல்லும் ஓம் அது.

வாக்கெடுப்பு வைத்து, கூடுதல் வாக்கு விழுந்ததைச் செய்யலாமே? அதுதானே ஜனநாயகம்?

வைத்துப் பார்த்தோம். கெட்ட யோசனை என்று சொல்லமாட்டேன், பெரிய இடங்களிலும் செய்கிறார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2015இல் சமூக விருப்பப் பட்டியல் என்ற ஒன்றைத் தொடங்கி, பங்களிப்பாளர்கள் வாக்குப் போட்டு மேலே கொண்டுவந்த கோரிக்கைகளில் வேலை செய்தது. நிரல்களைப் பகிர்ந்து சேர்ந்து எழுதும் தளமான கிட்ஹப்பில் ஒருகாலத்தில் "எனக்கும் வேணும்" என்று ஆளுக்கொரு வரி எழுதுவார்கள், அந்த வரிகளுக்கு அடியில் உருப்படியான விவரம் புதைந்துபோகும். திறந்த மூலத் திட்டங்களைப் பராமரிக்கும் பலர் கூட்டாகக் கடிதம் எழுதி இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, 2016இல் பெருவிரல் அடையாளம் போடும் வசதி வந்தது. எத்தனை பேருக்கு ஒரே எரிச்சல் என்று ஒரு பார்வையில் தெரிய அது நல்லது.

ஆனால் எங்கள் வாக்கெடுப்பில் முதலிடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கறுப்புத் திரைக்கு. இரவில் கண் கூசாமல் பார்க்க. வாக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள், அம்மா அப்பாவின் போனிலிருந்து.

கடைசியில், ஒரேயொரு வாக்கோடு கிடந்தது கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதிய கோரிக்கை: அறிவித்தல் போகுமுன் தலைவர் ஒப்புதல் தரவேண்டும் என்ற படியை எடுத்துவிடுங்கள். அந்தப் படியை வைத்ததே நாங்கள்தான், யாராவது பொய் மரணச் செய்தி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து. நகரத்துச் சைவச் சங்கங்களில் அது யாரையும் உறுத்தவில்லை, வெளியூர்ச் சொந்தங்கள் வந்துசேரவேண்டும் என்று ஒருநாள் இரண்டுநாள் வைத்திருப்பார்கள், தலைவர் மத்தியானம் பார்த்து ஓம் சொன்னாலும் போதும். முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் கிண்ணியாவில் அப்படி இல்லை. விடியற்காலை சுபஹ் தொழுகையோடு மௌத்து (மரணம்) என்றால் மத்தியானம் லுஹருக்கோ பின்னேரம் அஸருக்கோ நல்லடக்கம் முடிந்துவிடும். தலைவர் பாடசாலையில் போனை அணைத்து வைத்துப் படிப்பித்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்த்து ஒப்புதல் கொடுக்க, ஜனாஸா அடக்கியபிறகு எல்லோருடைய போனிலும் செய்தி விழுகிறது.

ஒரு வாக்குத்தான். அதைத்தான் முதலில் செய்தோம்: அவசரம் என்று குறித்தால் செயலாளரே அனுப்பலாம், யார் எத்தனை மணிக்கு அனுப்பினார் என்பது பதிவில் நிற்கும். கறுப்புத் திரையும் பிறகு வந்தது, ஏச்சு வாங்கத் தேவையில்லை.

அப்படியென்றால் சத்தம் போடுபவர்களுக்குத்தான் நடக்கிறது, இல்லையா?

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது எங்களிலும் நடக்கிறது, மறைக்கவில்லை. ஒருவர் ஒரே விஷயத்துக்கு நாலுதரம் போன் எடுத்தால் நாலு பேர் கேட்ட மாதிரி மனதில் பதிந்துவிடும். அதனால் ஒரு சின்ன வழக்கம் வைத்திருக்கிறோம்: பட்டியலில் எத்தனை தரம் கேட்டார்கள் என்று எழுதுவதில்லை, எத்தனை சங்கம் என்று மட்டும்.

ஒன்றும் கேட்காத ஆக்களின் கருத்தை எப்படி எடுப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், இதில்தான் நாங்கள் கனக்கப் பிழை விட்டிருக்கிறோம்.

முதல் பிழை, கேட்ட காலம். ஓர் ஆகஸ்டில் எல்லாச் சங்கங்களுக்கும் கேள்வி அனுப்பினோம். கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்து ஒரு பதிலும் இல்லை, அவர்களுக்கு எல்லாம் சரி போல என்று முடிவெடுத்தோம். திருமலையில் பிறந்து வளர்ந்துவிட்டு அப்படி யோசித்ததை நினைத்தால் இப்போதும் வெட்கம். நம் பக்கம் சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கி, புரட்டாதி வரை தொழில் நடக்கும் காலம். இரவு கடலுக்கு இறங்கி விடியக் கரைக்கு வந்து மீனைக் கொடுத்துவிட்டுப் படுப்பவரிடம் போய்க் கேள்வித்தாள் நிரப்பச் சொன்னால் யார் நிரப்புவார்? நிலாவெளியில் விடுதி, ஓட்டோ என்று ஓடுபவர்களுக்கும் அதுதான் உழைக்கும் காலம். இப்போது அவர்களிடம் போவது கார்த்திகை, மார்கழியில். வாடைக் காற்றும் மழையுமாகப் படகு கரையில் ஏறியிருக்கும், கடற்கரைக் கொட்டிலான வாடியில் உட்கார்ந்து வலை பொத்துபவரோடு ஆறுதலாகக் கதைக்கலாம். முதல் தரம் போனபோதே கேட்டது: "தம்பி, கடலுக்குப் போகாத மாதத்துக்கும் சந்தா நிலுவை என்று சிவப்பில காட்டுதே, அதைப் பார்க்க மனம் எரியுது." சந்தாவைப் பருவத்துக்கு ஏற்ற மாதிரி வைக்கும் வசதி அப்படித்தான் வந்தது.

இரண்டாவது பிழை, கேட்ட இடம். முதல் இரண்டு வருடமும் கூட்டமெல்லாம் நகரத்தில்தான். கிண்ணியாக்காரர் வரவில்லை என்று குறைப்பட்டோம். 2009இல் பாலம் வரமுன் பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்த ஊர், இப்போது பஸ்ஸில் ஓடிவிடலாமே என்று எங்களுக்கு எண்ணம். ஓடிவிடலாம்தான், ஆனால் எங்களாலும் அங்கே ஓடிப்போகலாம் என்பது ஏனோ தோன்றவில்லை. மூதூருக்கும் அப்படியே.

மூன்றாவது, கேட்டதே பிழை. கேட்காமல் பார்த்திருக்கவேண்டும். பயன்பாட்டுத்திறன் பற்றி எழுதும் யாக்கோப் நீல்சன் 2000இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். ஆனால் பயனர்கள் ஒரே மாதிரியான ஆக்களாக இருந்தால்தான் அந்தக் கணக்குப் பொருந்தும், வேறு வேறு கூட்டம் என்றால் ஒவ்வொன்றிலும் ஆள் வேண்டும். எங்களுக்கு வங்கியில் வேலை செய்யும் செயலாளரும் ஒன்றல்ல, வலைக்காரரும் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று பேர். "இந்த மாதச் சந்தாவைப் பதிந்து காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். அவர் பிழையான இடத்தை அழுத்தப் போகும்போது கை தானாக நீளும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தேத்தண்ணி தருவார்கள், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

கூகுள் போர்ம் ஒன்று அனுப்பினால் போதாதா?

போர்மில் கிடைப்பது போர்ம் நிரப்பத் தெரிந்தவர்களின் கருத்து. ஒரு குரல் செய்தி அனுப்புங்கள் என்று கேட்டபோது மூன்று மடங்கு விவரம் வந்தது, பின்னணியில் கோழிச் சத்தத்தோடு.

தேடல் வேலை செய்யவில்லை என்றேன், உடனே திருத்தினீர்கள். ஆனால் பாமினிப் பட்டியலை ஏற்றும் வசதி மட்டும் ஏன் பட்டியலில் கிடக்கிறது? எது பிழை, எது புதிய வசதி என்று யார் முடிவெடுப்பது?

நல்ல கேள்வி. தேடல் விஷயத்தில் எங்களுக்கு வந்தவை ஐந்து முறைப்பாடு, ஐந்தும் ஐந்து விதமாக. ஒருவர், புதிதாகச் சேர்த்த ஆள் காணாமல் போகிறார் என்றார். ஒருவர், ஒரே ஆளை இரண்டுதரம் பதிந்துவிட்டோம், மென்பொருள் தடுக்கவில்லை என்றார். இன்னொருவர் போனில் வருகிறது, கணினியில் வரவில்லை என்றார். தனித்தனியாக எடுத்தால் ஐந்தும் சின்னக் குறை. எங்களில் ஒருத்தி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெயர்களை மட்டும் வட்டம் போட்டாள். எல்லாப் பெயரிலும் ஒரு கொ, அல்லது கோ.

எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொது முறையான யுனிகோடில் "கோ" எழுத இரண்டு வழி உண்டு. ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது முன்னால் ஒரு ஏகாரக் கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு விசைப்பலகையில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது, அதற்கு முறையும் யுனிகோடிலேயே இருக்கிறது. நாங்கள் அதைச் செய்ய மறந்திருந்தோம். கோணேசர் ஊரில், தெருவுக்கு நாலு கோணேஸ்வரன் இருக்கும் இடத்தில், கோ தேடினால் வராது என்றால் அது பிழை, வசதி இல்லை. உடனே செய்தோம்.

பாமினி வேறு. யுனிகோடுக்கு முந்திய எழுத்துரு அது, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பது. நம் பக்கத்து அச்சகங்களிலும் கந்தோர்களிலும் இன்றும் கை அதில்தான் பழகியிருக்கிறது. ஒரு செயலாளரிடம் பல வருடப் பட்டியல் பாமினியில் கிடக்கிறது, எங்கள் மென்பொருளில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வருகிறது. மாற்றிக் கொடுக்கும் நிரல் எழுதலாம், கடினமில்லை. ஆனால் ஒரு சங்கத்துக்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு தரம் நடக்கும் வேலை. இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் போட்டு எடுத்து, கையால் சரிபார்த்து நாங்களே ஏற்றித் தந்துவிடுகிறோம், ஒரு மாலை போதும். இன்னும் சில சங்கங்கள் இதே குப்பையோடு வந்தால் அப்போது மேலே ஏறும்.

மென்பொருளே யார் எதை அழுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தால், இவ்வளவு அலைச்சல் வேண்டாமே?

வேண்டாம் என்று நினைத்துத்தான் செய்யவில்லை. ஒலி திருத்தும் ஆடாசிட்டி என்ற திறந்த மூல மென்பொருளில் 2021இல் கூகுளின் கணக்கெடுக்கும் சேவையை உள்ளே வைக்கப் போகிறோம் என்றதும் பயனர்கள் கொதித்தெழுந்து, திட்டத்தையே கைவிடவேண்டி வந்தது. டெபியன் என்ற திறந்த மூல இயங்குதளம் செய்யும் முறை மரியாதையானது: எந்தெந்த மென்பொருள் பொதிகள் பயன்பாட்டில் இருக்கின்றன என்று அனுப்பலாமா என்று கேட்பார்கள், நீங்கள் ஒன்றையும் மாற்றாவிட்டால் பதில் இல்லை என்றுதான் இருக்கும். நம் நாட்டிலும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். எங்கள் மென்பொருளில் இருப்பது யார் எத்தனை மாதம் சந்தா கட்டவில்லை என்ற விவரம். ஒரு ஒழுங்கைக்குள் அதைவிடப் பெரிய இரகசியம் ஏதும் உண்டா? அதைச் சுற்றி எந்தக் கணக்கெடுப்பும் வைக்கமாட்டோம். தவிர, அந்த எண்கள் அக்காவின் கொப்பியைக் காட்டியிருக்காது. பிரிண்ட் பட்டன் மாதாமாதம் அழுத்தப்படுகிறது, வெற்றி என்றுதான் காட்டியிருக்கும்.

மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் முறைகள் உண்டாமே?

உண்டு. இன்டர்காம் நிறுவனத்திலிருந்து பரவிய ரைஸ் முறையில், எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பயன், எங்களுக்கு எவ்வளவு நிச்சயம் என்ற மூன்றையும் பெருக்கி, உழைப்பால் வகுப்பார்கள். நாங்களும் ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். விடையைவிட, ஒரே கோரிக்கைக்கு ஒருவர் 2 போட இன்னொருவர் 9 போட்டதற்கு ஏன் என்று கேட்கும்போது வரும் சண்டைதான் பயன். தசமப் புள்ளியை நம்பி முடிவெடுத்ததில்லை.

ஜப்பானியத் தர மேலாண்மைப் பேராசிரியர் நொரியாக்கி கானோ 1984இல் சொன்னது இதைவிட எனக்குப் பிடிக்கும். சில வசதிகள் இருந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள், இல்லாவிட்டால் வீடே ரெண்டாகும். கலியாண வீட்டில் சோறு வெந்திருந்தது என்று யாராவது புகழ்ந்து கேட்டிருக்கிறீர்களா? எங்கள் பட்டியலில் தரவுப் பிரதி எடுத்து வைக்கும் வசதியை இன்றுவரை ஒரு சங்கமும் கேட்கவில்லை. ஒரு பொருளாளரின் போன் படகிலிருந்து கடலுக்குள் விழும்வரை நாங்களும் அதை நினைக்கவில்லை. இப்போது அது தானாக எடுக்கிறது. யாருக்கும் தெரியாது.

சிங்களத்தில் வேண்டும் என்று ஒரே ஒருவர்தான் கேட்டார். அது எப்படி இவ்வளவு மேலே வந்தது?

அந்தச் சங்கத்தில் தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே இருக்கிறார்கள், கணக்குப் பார்ப்பவர்களில் ஒருவருக்குத் தமிழ் வாசிக்க வராது. மாதக் கணக்கை அவர் வாசிக்காமல்தான் கையெழுத்து வைக்கிறார் என்று தெரிந்த அன்றே மேலே ஏற்றினோம். இதற்கு மதிப்பெண் போடவில்லை.

காசு தந்தால் நான் கேட்டதை முதலில் செய்வீர்களா?

அடிக்கடி வரும் கேள்வி, பெரும்பாலும் கனடா, லண்டன் நேரத்தில் வரும். திறந்த மூலத்தில் இது பாவம் ஒன்றும் இல்லை. கோஹா என்ற நூலக மென்பொருள் 1999இல் நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதத் தொடங்கி 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே ஒரு நூலகம் தனக்கு வேண்டிய வசதிக்குக் காசு கொடுக்க, அந்த வேலை எல்லா நூலகத்துக்கும் போய்ச்சேரும் வழக்கம் இருக்கிறது. ஆகவே காசு கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் விதி: காசு வந்தால், ஏற்கெனவே பட்டியலில் மேலே இருப்பதை விரைவாக்க அது போகும். பட்டியலில் இல்லாததை மேலே தூக்கப் போகாது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் சங்கத்துக்குப் படத்தொகுப்பும் பின்னணி இசையும் வைக்க நல்ல தொகை தர முன்வந்தார். நல்ல மனம். அந்த இசை யார் காதில் போய் விழும் என்று பார்த்தால், சந்தா பாக்கி பார்க்கத் திறக்கும் ஆளின் காதில். வேண்டாம் என்றோம். சரி, கொஞ்சம் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே ஆறு மாத சேர்வர் செலவைக் கட்டினார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

முன்பு "பார்ப்பம்" என்று சொல்வோம். நம் ஆக்களுக்கு அது பழகின சொல், சொல்பவருக்கு இல்லை என்று அர்த்தம், கேட்பவருக்கு ஓம் என்று அர்த்தம். ஒருவர் அதை நம்பித் தன் சங்கத்துக் கூட்டத்தில் அடுத்த மாதம் வருகிறது என்று அறிவித்து, வராமல்போக, சபையில் தலை குனிந்தார். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அன்றோடு அந்தச் சொல்லைப் பட்டியலில் தடைசெய்துவிட்டோம். இப்போது மூன்றில் ஒன்றைத்தான் எழுதுவோம்: செய்கிறோம், இந்த வருடம் செய்யமாட்டோம், செய்யவே மாட்டோம். ஒவ்வொன்றோடும் ஏன் என்று இரண்டு வரி. செய்யவே மாட்டோம் என்றால், நிரல் திறந்தே இருக்கிறது, வேறு யாராவது செய்து தந்தால் பார்த்து எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதுவோம். ஆள் முகத்தைச் சுளித்தாலும் திட்டுவதில்லை.

இலங்கையில் இப்படித் தேவையைக் கேட்டுக் கேட்டு எழுதிய திறந்த மூல மென்பொருள் வேறு உண்டா?

சஹானாவைப் பார்க்கவேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி நம் கரையையும் அடித்துப்போன அந்த நாட்களில், இலங்கைத் தகவல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த தன்னார்வலர்கள் கூடி அவசரமாக எழுதியது. அதன் பகுதிகளைப் பார்த்தாலே கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தெரியும்: காணாமல் போனவர் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன பொருள் தேவை. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. அந்த வேகத்தை எங்களிடம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் பகுதிகளைப் பிரித்த விதத்தைத் திறந்து பார்த்து நாங்கள் படித்திருக்கிறோம்.

எனக்கு புரோகிராம் எழுத வராது. ஏதாவது உதவ முடியுமா?

எழுத வருபவர்கள் எங்களிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள், தட்டுப்பாடு மற்ற வேலைகளுக்குத்தான். சிங்கள மொழிபெயர்ப்பை வாசித்து, ஊர்ப் பேச்சுக்கு ஒத்து வருகிறதா என்று சொல்ல ஒருவர் வேண்டும். குரல் செய்திகளைக் கேட்டு எழுத்தில் இறக்க ஒருவர். மூதூரில் எங்களுக்கு இன்னும் ஆள் இல்லை, மாதம் ஒருதரம் ஒரு சங்கத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்து பார்த்து, பக்கத்தில் என்ன கொப்பி கிடக்கிறது, அதில் எத்தனை பத்தி, என்ன தலைப்பு என்று மட்டும் எழுதி அனுப்பினால் போதும். படம் எடுக்கவேண்டாம், அதில் ஆக்களின் பெயர் இருக்கும். பஸ் காசு தருவோம்.